நீலப் பிள்ளையும் நிறமில்லாத கடலும்

சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போட்டுப் போட்டே கழுத்து எலும்பைத் தேய்த்துக்கொண்ட சகாக்களே, பதிப்பகத்திலிருந்து உங்களுக்கும் அந்த மின்னஞ்சல் வந்திருக்கும். "உங்கள் ஸ்டூடியோவைப் படம் பிடித்து அனுப்புங்கள், நீங்கள் வரையும் இடத்தைப் பார்க்க வாசகர்கள் ஆசைப்படுகிறார்கள்." நான் வரையும் இடத்தைச் சுற்றிப் பார்த்தேன். சாப்பாட்டு மேஜை. அதன் மேல் ஒரு குக்கர், நறுக்காத முருங்கைக்காய், என் கணவரின் சர்க்கரை மாத்திரைகள், இவற்றுக்கு நடுவே ஓரமாக ஒண்டிக்கொண்டிருக்கும் என் டேப்லெட். இதற்கா ஆசைப்படுகிறார்கள்? நம்மில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், பக்கத்து வீட்டுக் குரோட்டன்ஸ் தொட்டியை இரவல் வாங்கி ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்து அனுப்பியதாகக் கேள்வி. எனக்குப் பக்கத்து வீட்டில் அவ்வளவு செல்வாக்கு இல்லை.

அதோடு விட்டிருந்தால் நானும் குக்கரை மட்டும் நகர்த்திவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பியிருப்பேன். ஆனால் மின்னஞ்சலின் கடைசியில், என் புதுப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் எடிட்டர் பெண் போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: "அப்புறம் மேம், கதையில வர்ற பொண்ணை மட்டும் கொஞ்சம் பிரைட் பண்ணிடலாமா? ரெண்டு ஷேடு போதும்."

எனக்கு அத்தையின் ஞாபகம் வந்தது. ஞாபகம் என்பது மரியாதைக்குச் சொல்வது. காது சூடாகிவிட்டது.

எங்கள் குடும்பக் கல்யாணங்களில், பிரியாணி முடிந்து பீடா வருகிற நேரத்தில், யாராவது ஒருவர் அத்தை கதையை எடுப்பார்கள். நிறத்தைக் குழப்பிக் கொடுத்து ஒரு புத்தகத்தையே கெடுத்த அத்தை. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், பீடா வாயில் இருந்தால் எதற்கும் சிரிக்கலாம். இனிச் சிரிப்பதாக இல்லை. அத்தை எதையும் குழப்பவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், கையில் ஒரு தலையணையோடு.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை; ஏன் என்று கேட்டவர்கள் இரண்டாம் தடவை கேட்டதில்லை. முப்பதைத் தாண்டிய பிறகும் அப்பாவுக்கு அவள் "பாப்பா"தான். மிஷன் வீதிக்கு ரெண்டு தெரு தள்ளி இருந்தது எங்கள் வீடு. நீளமாக, ரயில் பெட்டி மாதிரி. ஜன்னல்கள் பேருக்கு இருந்தன. வெளிச்சம் எல்லாம் நடு முற்றத்தில்தான் விழும். ஆகவே அத்தையின் ஸ்டூடியோ வெயிலோடு நகர்ந்தது. காலையில் முற்றத்தோரம், தையல் மெஷின் மேல். உச்சி வேளையில் சமையலறை வாசல். வெயில் சாய்ந்தால் மாடிப்படியில் நாலாவது படி. இங்க் புட்டி, நிப்புக்கட்டைகள், தூரிகை கழுவுகிற டம்ளர் எல்லாம் அவளோடு நகரும். நாங்கள் அவற்றைத் தாண்டித் தாண்டி நடக்கப் பழகியிருந்தோம். அப்பா ஒருமுறை அந்த டம்ளரைக் கறுப்புக் காப்பி என்று எடுத்துக் குடித்துவிட்டு, "சக்கரை பத்தல" என்றார்.

அவளுடைய வரைபலகை ஒரு பழைய பீரோவின் கதவு. பூட்டைக் கழற்றிவிட்டார்கள், சாவித்துவாரம் அப்படியே நின்றுவிட்டது. மறந்துபோய் அந்த இடத்தில் அழுத்தினால் நிப்பு தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். அதனால் தாளின் வலது ஓரம், பாதி உயரத்தில், கோடே விழாதபடி படத்தை அமைப்பாள். வெகுகாலம் கழித்து ஒரு கூட்டத்தில் ஒருவர் அத்தையின் படங்களைப் பற்றிப் பேசினார். அந்த வெற்றிடம் ஓவியரின் ஆழ்ந்த மௌனத்தைக் காட்டுகிறது என்றார். சாவித்துவாரம், ஐயா. அந்தக் கதவு இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. வீடு கைமாறியபோது விறகோடு போயிருக்கும்.

நான் சொல்ல வந்த கோடையில் எனக்குப் புதுநன்மை. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் கோயிலில் வெள்ளை கவுனும் தலையில் முக்காடுமாகப் போய் முதல்முறையாக நற்கருணை வாங்க வேண்டும். அம்மாவின் கவலை என் ஆத்துமாவைப் பற்றி இல்லை. "வெயில்ல போவாத. இன்னும் கறுத்துட்டீன்னா அந்த வெள்ளை கவுன்ல பால்ல உழுந்த ஈ மாதிரி நிப்ப." இப்படியாகத் தெரு எனக்குத் தடை. முற்றத்து வெயிலும் தடை. வீட்டுக்குள் சும்மா கிடந்தவளை அத்தை பிடித்துக்கொண்டாள்.

"வா, மாடலா நில்லு."

"நின்னா என்னா தருவ?"

"கமர்கட்டு. அசைஞ்சீன்னா பாதிக் கமர்கட்டு."

கதை இதுதான். ஒரு சிறுமியின் வாத்து தொலைந்துபோகிறது. அதைத் தேடிக் கடற்கரையோரமாகவே நடக்கிறாள். வலை பின்னுகிறவர், படகுக்குத் தார் பூசுகிறவர், கருவாடு காயவைக்கிறவள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறாள். வாத்து கடைசிப் பக்கத்தில் கிடைக்கிறது. எழுதியவர் பதிப்பாளரே. அந்தக் கதையில் வாத்துக்கு மட்டும்தான் சொந்த புத்தி இருந்தது.

பதிப்பாளரை ஊரே முசியே என்று அழைத்தது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டுப் பின்கட்டில் ஒரு சின்ன அச்சகம் வைத்துப் பிள்ளைகளுக்கான புத்தகம் போட்டார். சந்தோஷமாக இருந்தால் அத்தையை "மத்மசெல்" என்பார். கோபம் வந்தால் "ஏம்மா."

அத்தை கதவுப் பலகையை மடியில் சாய்த்துக்கொண்டு உட்காருவாள். நான் அக்குளில் தலையணையை, அதாவது வாத்தை, இடுக்கிக்கொண்டு நிற்பேன்.

"அத்த, மூக்கு அரிக்குது."

"வாத்து கிடைச்சப்புறம் சொறிஞ்சிக்க."

அந்தக் காலத்து அச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உங்களில் இளையவர்கள் டேப்லெட்டோடு பிறந்தவர்கள். முசியேயின் வசதிக்கு ஒரு புத்தகத்தில் இரண்டு மைதான் உண்டு: கறுப்பு, கூட இன்னொன்று. அத்தை முதலில் தடித்த தாளில் கறுப்புக் கோட்டில் படத்தை வரைவாள். அதன் மேல் மெல்லிய பட்டர் தாளை ஒட்டி, இரண்டாவது நிறம் எங்கெங்கே விழ வேண்டுமோ அந்த இடங்களை மட்டும் நிரப்புவாள். அதையும் கறுப்பில்தான் நிரப்ப வேண்டும். பிளாக் செய்கிறவர்களின் கேமராவுக்குக் கறுப்பு மட்டும்தான் தெரியும். மெட்ராஸிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிளாக், அதாவது உலோக அச்சுக்கட்டை, வரும். இரண்டாவது பிளாக்கில் என்ன மையைத் தடவுகிறார்களோ அதுதான் அந்தப் புத்தகத்தின் நிறம். வழக்கமாக நீலம், இல்லாவிட்டால் சிவப்பு. அது வானத்துக்கும் கடலுக்கும் பாவாடைக்கும் போகும்.

முகத்துக்கு ஒன்றும் கிடையாது. முகம் தாளின் நிறம். யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த அநியாயம் இல்லை அது, வெறும் வழக்கம். அந்த வழக்கத்தால் நம் புத்தகங்களில் வைத்திக்குப்பத்து மீனவப் பிள்ளைகள்கூட நேற்றுத்தான் நார்வேயிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள் மாதிரி இருந்தார்கள்.

முதல் படம் முடிந்ததும் அத்தை என்னிடம் காட்டினாள். நான் இருந்தேன். என் சப்பை மூக்கு, என் எண்ணெய்ச் சடை, அக்குளில் வாத்து. பட்டர் தாளில் கடலையும் வானத்தையும் என் பாவாடையையும் நிரப்பியிருந்தாள். அவற்றுக்கு நடுவே நான் பளிச்சென்று, வெள்ளை வெளேரென்று நின்றேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. படத்தைப் பிடுங்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, பாரேன்! நான் வெள்ளையா இருக்கேன்!"

அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "அட, எவ்ளோ லட்சணமா இருக்க பாரு" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதி. யாரோ டாக்டர், இது குணமாகிவிடும் என்று சொன்னது போல.

திரும்பி வந்தேன். அத்தை நிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த நிப்பையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். நான் குணமாகிவிடுவேன் என்று அம்மா நினைத்தாள். அத்தைக்கும் சந்தோஷம்தான் என்று நான் நினைத்தேன். அன்று நாங்கள் இருவருமே தப்பாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

அத்தை பட்டர் தாளை உரித்துச் சுருட்டி அடுப்படியில் போட்டாள். புதுத் தாள் ஒட்டினாள். இந்தத் தடவை கடலை நிரப்பவில்லை. வானத்தையும் பாவாடையையும் விட்டுவிட்டாள். என் முகத்தை நிரப்பினாள், கழுத்தை, கையை, வெறுங்காலை. ஒவ்வொரு பக்கத்திலும் அப்படியே. வலை பின்னுகிறவர், தார் பூசுகிறவர், கருவாட்டுக்காரி எல்லோருடைய தோலும் நிரம்பியது. பிறகு கொஞ்சம் வண்ணம் குழைத்து, வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி ஒரு நிறம் வரும் வரைக்கும் என் முழங்கையோடு வைத்து வைத்துப் பார்த்தாள். அதை ஒரு துண்டுத் தாளில் தடவி, "இந்த மை" என்று எழுதி, கட்டின் மேல் குத்தினாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். "என்னா பாப்பா இது, கடலுக்கு நிறமே இல்ல?"

"கடல் என்னா நிறம்னு நம்மூர் பிள்ளைங்களுக்குத் தெரியாதாண்ணா? தெருமுனைக்குப் போனா தெரியுது."

"பிள்ளை என்னா நிறம்னும் தெரியுந்தானே?"

"தெரியாது" என்றாள் அத்தை. "இப்பதான் ஒண்ணு ஓடிப் போய் அம்மாகிட்ட காட்டிட்டு வந்துச்சு."

பிளாக்குகள் மெட்ராஸிலிருந்து வந்து சேர்ந்த பிறகுதான் முசியே அந்தத் துண்டுத் தாளைக் கவனித்திருக்கிறார். வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் படக் கட்டோடு. காலை வெயில், ஸ்டூடியோ அப்போது தையல் மெஷின் மேல் இருந்தது. அடுத்த புத்தகத்தில் ஆட்டுக்குட்டியைத் தூக்கும் பையனுக்காக நான் மறுபடி தலையணையோடு நின்றிருந்தேன்.

"ஏம்மா, இது என்னா நிறம்?"

ஏம்மா என்றதும் அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அலோர், அப்பன்னா நானே சொல்றேன். இது சாக்கடை நிறம். கடல் கதைக்குச் சாக்கடை நிறமா? புத்தகத்த வாங்கறது யாரு, தாய்மாருங்க. அழுக்கா இருந்தா கையால தொடுவாங்களா?"

"முசியே, அந்த நிறம் எங்க விழுதுன்னு—"

"எங்க விழுந்தா என்னாம்மா? அழுக்கு எங்க விழுந்தாலும் அழுக்குதான்."

"கட்டைப் பிரிச்சுத் தாளைத் தூக்கிப் பாருங்க."

"பாக்கறதுக்கு என்னா இருக்கு? இத்தன புத்தகம் நீ போட்டு நான் பாக்கலயா? வானம், கடலு, பாவாட. நீலம் போட்டா ஜம்முனு இருக்கும்."

"நீலம்னா வேற மாதிரி வரையணும். நான் வரைய மாட்டேன். தவிட்டு நிறம் போடுங்க."

அப்பா நடுவில் புகுந்தார். "பாப்பா, அவரு பெரியவரு. சொல்றத கேளேன்."

"வரையவே வேணாம்" என்றார் முசியே பெருந்தன்மையாக. "பிளாக் வந்தாச்சு. மையை மாத்தினா போதும். நான் அச்சுத் தொழில்ல தலை நரைச்சவன், எனக்கு நீ சொல்றியா?"

அத்தை அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு மூக்கு அரித்தது, சொல்லவில்லை.

"சரி முசியே" என்றாள். "மை உங்க மை. நீலமே போடுங்க."

"மெர்சி, மத்மசெல்!" என்று அவர் எழுந்தார். அப்பா அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவந்து, "அப்பாடா, புத்தி வந்துச்சு" என்றார். நான் தலையணையைக் கீழே போட்டுவிட்டேன். காப்பிக்கொட்டை நிறத்தை என் முழங்கையோடு வைத்துப் பார்த்தபோதே அந்தப் பிள்ளை நான்தான் என்று எனக்கு ஆகிவிட்டிருந்தது. இப்போது அத்தை என்னை விட்டுக்கொடுத்துவிட்டாள்.

அச்சு ஓடிய வாரம் முசியே காரைக்காலில், மகள் வீட்டில். அச்சகத்திலிருந்து மெஷின்காரர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். என்னையும் அழைத்துக்கொண்டு அத்தை போனாள், அம்மாவின் உத்தரவுப்படி குடை பிடித்து. அச்சகம் முழுக்க மண்ணெண்ணெயும் மையும் மணத்தது. மெஷின்காரர் வைத்திக்குப்பத்து ஆள். கறுப்பு ஏற்கெனவே ஓடிக் காய்ந்திருந்தது. அதன் மேல் இரண்டாவது பிளாக் ஓடிய முதல் தாளை, ஈரத்தோடு, இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

கடல் வெள்ளை. வானம் வெள்ளை. பாவாடையும் வெள்ளை. நடுவில் நான், தலை முதல் கால் வரை, தேர்தல் சுவரொட்டி மாதிரி அழுத்தமான நீலம்.

"இன்னாம்மா இது, புள்ளைங்கல்லாம் நீலமா வருது? எம்பொண்ணு மாரியே கீது, கலருதான் வேற. வுட்டுடட்டா? முசியே வந்ததும் கேட்டுக்கலாமா?"

"அவரு என்னா நிறம் சொல்லிட்டுப் போனாரு?"

"நீலம்."

"எப்ப முடிக்கச் சொன்னாரு?"

"தாம் வர்றதுக்குள்ள."

"அப்ப ஓட்டுங்கண்ணே."

மெஷின்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு மெஷினை மிதித்தார். நான் அந்த ஈரத் தாளில் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் நீலம் ஒட்டியது. அத்தை சிரித்தாள், அந்தக் கோடையில் முதல்முறையாக, ஈறு தெரிய. என் நீல விரலைப் பிடித்துத் தன் மூக்கு நுனியில் வைத்துக்கொண்டாள். மூக்கைத் துடைக்காமலே வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் ஜனங்கள் பார்த்தார்கள்.

முசியே திரும்பி வந்த அன்று எங்கள் தெருவுக்கே அவருடைய பிரெஞ்சு கேட்டது. "மோன் தியே! ஏம்மா, வேதக்காரப் பிள்ளைங்க படிக்கற புத்தகம், ஒவ்வொரு பக்கத்துலயும் கிருஷ்ணரு வாத்தோட நிக்கறாரு! கன்னியாஸ்திரி மடத்து அம்மாருங்க கேட்டா நான் என்னா சொல்றது?"

அப்பா கைகூப்பினார். "மன்னிச்சுக்கோங்க முசியே. பாப்பாவுக்கு ஏதோ நிறக் குழப்பம். தப்பு நடந்துடுச்சு."

"தப்பு நடக்கலண்ணா" என்றாள் அத்தை. அவள் சத்தம் போடவில்லை. தையல் மெஷின் மேல் இருந்த தூரிகைகளை ஒவ்வொன்றாக நேராக அடுக்கிக்கொண்டே பேசினாள். "நிறம் எங்க விழுதுன்னு சொல்ல வந்தேன், கேக்கல. தாளைத் தூக்கிப் பாருங்கன்னேன், பாக்கல. எனக்கு வேண்டியது ஒண்ணுதான் முசியே. எம் புள்ள தாளோட நிறத்துல இருக்கக் கூடாது. இப்ப இல்ல."

"இனிமே எங்கிட்டேருந்து உனக்கு ஒரு கோடு கிடையாதும்மா. ஒரு புள்ளிகூட கிடையாது."

"சரி" என்றாள் அத்தை.

அவர் போனபிறகு வீடு துக்க வீடு மாதிரி ஆனது. அப்பா, "ஒரு நிறத்துக்காகவா" என்று முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பாவம், நல்ல மனுஷன். தங்கை குழம்பிவிட்டாள் என்றால் ஊர் மன்னிக்கும், வேண்டுமென்றே செய்தாள் என்றால் மன்னிக்காது என்று கணக்குப் போட்டார். சாகும்வரை அந்தக் குழப்பக் கதையையே சொன்னார். கல்யாணத்துக்குக் கல்யாணம் அது வளர்ந்தது. தங்கையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவள் செய்த ஒரே பெரிய காரியத்தை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்.

அடுத்த ஞாயிறு எனக்குப் புதுநன்மை. காலையில் அம்மா பவுடர் டப்பாவோடு உட்கார்ந்தாள். பஞ்சை அழுத்தி இடது கன்னத்தில் ஒரு சுற்று, நெற்றியில் பாதி. கண்ணாடியில் பார்த்தேன். தாளின் நிறம் ஏறிக்கொண்டிருந்தது. வலது கன்னத்துக்குப் பஞ்சு வந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"காட்டுடி."

"மாட்டேன்."

"போட்டோ எடுக்கணும்டி, கறுப்பா விழுவ."

"விழுந்துட்டுப் போறேன்."

அம்மா என் தாடையைப் பிடித்தாள். நான் கீழே உட்கார்ந்துவிட்டேன், வெள்ளை கவுனோடு, தரையில். கோயில் மணி அடித்தது. அத்தை மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. கையில் மெழுகுவத்தி, தலையில் முக்காடு, முகத்தில் ஒரு பாதி ஆவி, ஒரு பாதி நான்.

புத்தகம் பிள்ளைகளிடம் போயே தீர வேண்டியிருந்தது. பள்ளிக்கூடங்களுக்கு முசியே வாக்குக் கொடுத்துவிட்டார், வேறு புத்தகம் கையில் இல்லை. தாய்மார்கள் என்ன சொன்னார்களோ தெரியாது. எங்கள் வகுப்பில் ஒருவன் மட்டும் எழுந்து, "ஏ, இது நீதான? மூக்கப் பாரு, நீதான்!" என்று கத்தினான். அதற்குப் பிறகு இடைவேளையில் எல்லோருக்கும் நீலப் பிள்ளையாக வேண்டும். வெள்ளையாக இருக்க ஒருத்தரும் வரவில்லை. துணிக்குப் போடுகிற நீலத்தை யாரோ வீட்டிலிருந்து திருடி வந்தார்கள். அன்று சாயங்காலம் பல வீடுகளில் பல அம்மாக்கள் தேங்காய் நாரை எடுத்தார்கள்.

அத்தைக்குச் சிறுவர் புத்தக வேலை பிறகு வரவேயில்லை. முசியே சொன்ன சொல் தவறாதவர். மருத்துவம் படிக்கிற பையன்களுக்காக உடல் உறுப்புப் படங்கள் வரைந்தாள், அதே கதவுப் பலகையில், அதே வெயிலைத் துரத்திக்கொண்டு. கல்லீரலுக்கு அவள் அதே தவிட்டு நிறத்தைப் போட்டபோது அழுக்கு என்று எவரும் சொல்லவில்லை. கல்லீரலை மட்டும் அதன் நிறத்தில் இருக்க விடுகிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரிக்கும்போது கூடச் சிரிப்பது எனக்குச் சிரமமாக இருக்கும்.

சகாக்களே, இனி நம் விஷயம். இன்றைக்கு எனக்கு இரண்டு மை இல்லை. விரல் நுனியில் கோடி நிறம் இருக்கிறதாம். முகத்துக்கு நிறம் கொடுக்க முடியாமல் போவதற்கு இன்று ஒரு காரணமும் பாக்கியில்லை. ஆனாலும் ரெண்டு ஷேடு கேட்கிறார்கள். நீங்கள் உங்கள் உங்கள் சாப்பாட்டு மேஜையில் என்ன பதில் எழுதுகிறீர்களோ எனக்குத் தெரியாது. நான் குக்கரை நகர்த்தவில்லை. முருங்கைக்காயோடும் மாத்திரையோடும் மேஜையைப் படம் பிடித்து இணைத்தேன். இதுதான் ஸ்டூடியோ என்று எழுதினேன். கீழே இன்னொரு வரி: "பெண்ணின் நிறத்தைக் குறைக்க மாட்டேன். வேறு நிறம்தான் வேண்டுமென்றால் நீலம் தருகிறேன்."

எடிட்டர் பெண்ணின் பதில் உடனே வந்தது. "ஹாஹா, ஜோக்தானே மேம்?"

"இல்லை" என்று எழுதிவிட்டு, முருங்கைக்காயை நறுக்க உட்கார்ந்தேன்.